வெட்டுக்கு வேண்டாம், தூருக்குக் கொடுங்கள்: நெல்லைச் சீமையின் பட்டாக் காட்டுக்காரர்கள் எழுதும் திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலர், வேளாண்மை – உழவர் நலத்துறைச் செயலர், திருநெல்வேலி மற்றும் தென்காசி மாவட்ட ஆட்சியர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

மானூர், நாங்குநேரி, இராதாபுரம், அம்பாசமுத்திரம் முதலிய வட்டங்களில் எங்களுக்கு மானாவாரிப் பட்டா நிலம் இருக்கிறது. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் அதற்கு 'தரிசு' என்று பெயர். நேரில் வந்து பார்த்தால் அது காடு. பாதி சீமைக் கருவேலம். மீதியில் உடை, வெள்வேல், இலந்தை, ஆவாரை, சூரை, காரை, ஊடே நாலைந்து பனை. முயல், கவுதாரி, நரி, கீரி, உடும்பு எல்லாம் அதற்குள் குடியிருக்கின்றன. காப்புக்காட்டு எல்லைக்கல்லுக்கு வெளியே இருப்பதால் வனத்துறைக் கணக்கில் இது காடு இல்லை. பயிர் இல்லாததால் வேளாண்துறைக் கணக்கில் வயலும் இல்லை.

இந்தக் காட்டைக் காடாகவே வைத்துக்கொண்டு, உள்ளே புகுந்துவிட்ட அயல் செடியை மட்டும் அப்புறப்படுத்த நிலக்காரருக்கு உதவித்தொகை வேண்டும் என்று கேட்கிறோம். அந்தப் பணம் மரம் வெட்டுவதற்கு அல்ல. சீமைக் கருவேலத்தை வெட்ட அரசு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. விறகும் கரியும் வெட்டுக்கூலியைத் தாங்கிக்கொள்ளும். தூரை, அதாவது வேரோடு கூடிய அடிக்கட்டையை, எடுப்பதற்கும், அதன்பின் மூன்று ஆண்டு முளைத்துக்கொண்டே இருக்கும் நாற்றைப் பிடுங்குவதற்கும்தான் இன்றைக்குப் பணம் கொடுக்க ஆளில்லை. கேட்பது அதற்குத்தான்.

நடப்பதைச் சொல்கிறோம். நிலக்காரர் கரிமூட்டம் போடுபவரிடம் காட்டை மொத்தமாக விலை பேசுவார். வெட்டுகிறவருக்கு வேண்டியது எடை. குனிந்து மண்ணைத் தோண்ட அவருக்குக் காரணம் இல்லை, அரிவாள் வீச்சுக்குத் தோதாகத் தரைக்கு ஒரு முழம் மேலே வெட்டிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கு நிலம் மொட்டையாக, பார்க்க நிறைவாக இருக்கும். புகைப்படமும் அழகாக வரும். அடுத்த மழை கழிந்து அந்தக் கட்டை ஒன்றைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பட்டை மண்ணைத் தொடும் இடத்தில், விரற்கடை அகலத்தில் ஒரு வளையம் போல, சிவப்பும் பச்சையுமாகக் குருத்து வெடித்து நிற்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டு. வேர் பழையது, ஆழமானது. அந்த ஏழெட்டையும் அது ஒரே ஆண்டில் ஆள் உயரத்துக்குத் தூக்கிவிடும். நான்கைந்து ஆண்டில் மறுபடியும் வெட்டுக்குத் தயார். கரி வியாபாரத்துக்கு இது தோதான சுழற்சிதான், அதில் தப்பும் இல்லை. ஆனால் 'சீமைக் கருவேலம் அகற்றும் பணி' என்ற பெயரில் அரசுப் பணத்தை இதில் போட்டால், அது கரிக்காரருக்கான அடுத்த அறுவடையை மானியத்தில் வளர்த்துக் கொடுப்பதாகத்தான் முடியும்.

குருத்து கிளம்பும் அந்தக் கழுத்துப் பகுதி தரைமட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும் இருக்கிறது. அதற்கும் கீழே, ஏறக்குறைய ஒரு அடி ஆழத்தில் வேரை அறுத்துத் தூரை மேலே எடுத்துவிட்டால் மரம் அதோடு சரி. மேலே மட்டும் வெட்டினால் பத்து முறை வெட்டினாலும் தழையும். வேலை முழுவதும் இந்த ஒரு அடியில்தான் இருக்கிறது.

இப்போது இருக்கும் உதவிகளில் எங்கள் நிலத்துக்குப் பொருந்துவது எது என்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். 2022-இல் அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்தும் வாழிட மீட்பு குறித்தும் தனிக் கொள்கை வெளியிட்டது. நல்ல கொள்கை. ஆனால் வேலை நடப்பது பெரும்பாலும் வன நிலத்தில். அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலப் பரப்பில் 33 சதவீதம் மரமும் காடும் என்று இலக்கு வைத்திருக்கிறது. பட்டா நிலத்தை விட்டுவிட்டு அந்த எண்ணை எட்ட வழியே இல்லை.

பட்டா நிலத்துக்கு வருகிற உதவிகள் இரண்டு வகை. ஒன்று, தரிசைச் சாகுபடிக்குக் கொண்டுவரும் திட்டங்கள்: முள்புதரை அகற்றி, சமன்செய்து, உழுது பயிர் வைக்க மானியம். வாங்கினால் நிலத்தை முழுதாக வழித்தாக வேண்டும். சீமைக் கருவேலத்தோடு உடையும் இலந்தையும் ஆவாரையும் சேர்ந்து போகும். இன்னொன்று, மரக்கன்றுத் திட்டங்கள். 2021-22-இல் வந்த நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் கன்றை இலவசமாகக் கொடுத்துப் பராமரிப்புக்கு ஊக்கத்தொகையும் கொடுத்தது. நட்டதற்கு அல்லாமல் வளர்த்ததற்குக் காசு என்ற அந்த யோசனை எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் விவசாயி கேட்பதும் நாற்றங்கால் வளர்ப்பதும் தேக்கு, செம்மரம், மகோகனி, குமிழ். தண்ணீர் உள்ள தோட்டத்துக்கு அது சரி. நாங்குநேரிச் செம்மண் மானாவாரியில் மகோகனி வைத்தால் சித்திரைக்குள் குச்சிதான் நிற்கும்.

இருக்கும் காட்டைக் காப்பாற்றிக்கொண்டே களையெடுக்கிறவருக்கு இரண்டிலும் இடம் இல்லை. மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதை எப்படிச் செய்தால் பணம் வீணாகாது என்பதுதான் இனி வருவது.

இயந்திரம் இறங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது, விட வேண்டிய மரத்துக்கு அடையாளம் போடுவது. ஜேசிபி மணிக்கணக்கில் வாடகை. ஓட்டுநருக்கு முள்மரம் எல்லாம் ஒரே மரம். 'உடையை விட்டுவிடுங்கள் தம்பி' என்று வாயால் சொல்லி அனுப்பினால் சாயங்காலம் உடை இருக்காது. இடுப்பு உயரத்தில் நாலு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்திருக்க வேண்டும். அடையாளம் காண்பது கடினமில்லை. உடைக்குத் தலை குடை விரித்தது மாதிரி தட்டையாக இருக்கும், பூ வெள்ளைப் பந்து, காய் வளைந்து சுருண்டது. நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் பந்துப் பூ, மணி கோத்த மாலை போல இடையிடையே இறுகிய காய். வெள்வேலுக்குப் பட்டை வெளுப்பு. சீமைக் கருவேலம் இந்த மூன்றையும் போலப் பந்துப் பூ பூக்காது. விரல் நீளத்துக்குப் பூனைவால் போலத் தொங்கும் இளமஞ்சள் கொத்து, பழுத்தால் மஞ்சளாகும் நீட்டுக் காய். உடை தமிழ்நாட்டின் தென்கோடியையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் காண அரிதான மரம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறோம். உடங்காடு என்று பெயர் வைத்துவிட்டு, மானியம் வாங்கி அதையே வழித்துப் போடுவது நியாயமில்லை.

பருமன் பார்த்து வேலையைப் பிரிக்க வேண்டும். கட்டைவிரல் பருமனுக்குக் கீழே உள்ளதை மழை ஈரத்தில் கையால் இழுத்துவிடலாம். மணிக்கட்டுப் பருமன் வரை கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். அதற்கு மேல் போனால்தான் இயந்திரம். வாளியால் தூரை நெம்பித் தூக்கி, அங்கேயே இரண்டு முறை உதறி, மண்ணைக் குழியிலேயே கொட்டி மூட வேண்டும். இங்கே நடக்கும் தவறு பெரியது: வேகமாக முடிக்க வேண்டும் என்று வாளியைத் தரையோடு ஓட்டி, மரம், புல், மேல்மண் எல்லாவற்றையும் வரப்போரம் தள்ளிவிடுவார்கள். மானாவாரியில் சாரமெல்லாம் மேலே உள்ள ஒரு சாண் மண்ணில்தான். அது போனால் அடியில் இருக்கும் சரளையில் ஆவாரைகூட ஏறாது. இயந்திரத்துக்குப் பணம் கொடுக்கும் ஆணையில் 'வழிக்கக் கூடாது, நெம்பி எடுக்க வேண்டும்' என்ற ஒரு வரி இருந்தாலே போதும். ஓடைக் கரையிலும் குளத்துக் கரையிலும் இயந்திரம் கூடவே கூடாது. அங்கே வேர்தான் கரையைப் பிடித்திருக்கும். தூரை உருவினால் முதல் வெள்ளத்தில் கரை உடையும். கரையில் உள்ளதைக் கையால் கழுத்துவரை தோண்டி அறுப்பதே சரி, கூலி கூடுதலானாலும்.

இராதாபுரம், திசையன்விளைப் பக்கம் இன்னொரு சங்கடம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் ஆனி ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காற்றாலைக்காரர்கள் அங்கே வந்து இறங்கியதே அதற்காகத்தான். அந்தக் காற்றில் சிவந்த மணலைத் திறந்து போட்டால் பக்கத்து முருங்கைத் தோட்டத்தில் போய்க் குவியும். ஆகையால் அங்கே ஒரே மூச்சில் அகற்றக் கூடாது. வடக்கு தெற்காக 20 மீட்டர் அகலத்தில் ஒரு வரி அகற்றி, 10 மீட்டர் வரி விட்டு, மறுபடி 20 மீட்டர் என்று போக வேண்டும். காற்று அடங்கிய பிறகு, புரட்டாசியில்தான் தொடங்க வேண்டும். விட்ட வரியிலிருந்து காய் விழுந்து திறந்த வரியில் முளைக்கத்தான் செய்யும், மறைக்கவில்லை. சித்திரையில் காய் பழுக்குமுன் அந்த வரி மரங்களின் கிளையைக் கழித்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்; மீதி, நாற்றுப் பிடுங்கும் கணக்கில் வரும். திறந்த வரியில் புல்லும் புதரும் பிடித்து, கன்று நெஞ்சளவு வந்த பிறகு விட்ட வரியை எடுக்கலாம். காட்டில் இருக்கும் பிராணிக்கும் அதுவரை ஒதுங்க இடம் கிடைக்கும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயச் சுற்றுவட்டாரத்தில் தை முதல் ஆனி வரை எந்த மரத்தின் மேலும் அரிவாள் படக் கூடாது. 2022-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலத் தகுதி பெற்ற இடம், ஊருக்குள்ளேயே நாரைகள் கூடு கட்டும் இடம். கூடு இருக்கும் மரம் சீமைக் கருவேலமா நாட்டுக் கருவேலமா என்று பறவை பார்ப்பதில்லை.

வெட்டிய முள்ளைக் குவித்துக் கொளுத்தும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். குவியல் எரிந்த வட்டத்தில் சில ஆண்டுக்கு நாட்டுப் புல்லே எழும்பாது. அந்த முள்கிளைக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது: புதிதாக வைத்த கன்றைச் சுற்றி மூன்று கிளையைக் கவிழ்த்து ஊன்றினால் இரண்டு ஆண்டுக்கு ஆடு நெருங்காது. கம்பிவலைக்கூண்டுக்குத் திட்ட மதிப்பீட்டில் காசு ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை.

இனி, பணம் தேவைப்படும் இடத்துக்கு வருகிறோம். சீமைக் கருவேலத்தின் விதை கெட்டி ஓட்டுக்குள் இருக்கிறது. மண்ணில் பல ஆண்டு கிடந்து முளைக்கும். ஆடு மாடு காயைத் தின்றால் இனிப்பான சதை செரித்துவிடும். விதையில் ஒரு பங்கு சேதமில்லாமல் சாணியோடும் புழுக்கையோடும் வெளியே வரும், அதுவும் முன்னைவிடச் சுலபமாக முளைக்கும் பக்குவத்தோடு. தூர் எடுக்கும்போது மண் புரளுவதால் ஆழத்தில் கிடந்ததும் மேலே வரும். ஆக, வேலை சுத்தமாக நடந்த நிலத்தில்தான் முதல் ஐப்பசி மழைக்கு நாற்று அடர்த்தியாக எழும்பும். அனுபவமில்லாதவர் 'வேலை தோற்றுவிட்டது' என்று கைவிடுவது அப்போதுதான். தோல்வி இல்லை அது; மண்ணுக்குள் இருந்த கையிருப்பு வெளியே வருகிறது, அவ்வளவுதான். இரண்டு தடித்த விதையிலை, அதற்கு மேல் இறகு போல ஓரிரு இலை என்று கணுக்கால் உயரத்தில் நிற்கும்போது ஈர மண்ணில் இரண்டு விரலால் உருவிவிடலாம். ஆனால் அந்த உயரத்திலேயே வேர் தண்டைவிட நீளம். மார்கழியைத் தாண்டி மண் இறுகிவிட்டால் தண்டு கையோடு வரும், வேர் உள்ளே நிற்கும், அடுத்த மழைக்குத் தழையும். எனவே முதல் சுற்று கார்த்திகைக் கடைசிக்கும் மார்கழிக்கும் இடையில். இரண்டாவது சுற்று சித்திரைக் கோடைமழை விழுந்த பத்து நாளுக்குள்.

ஒரு சுற்றுக்கு ஏக்கருக்கு நான்கு ஆள், ஆண்டுக்கு இரண்டு சுற்று, மூன்று ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 24 ஆள். கூலி 600 ரூபாய் என்று போட்டால் 14,400 ரூபாய். தூர் எடுக்கும் செலவு போக, ஓர் ஏக்கரைச் சீமைக் கருவேலத்திடமிருந்து நிரந்தரமாக மீட்க வேண்டிய பணத்தில் பாக்கி நிற்பது இவ்வளவுதான். விறகு விற்ற காசு முதல் ஆண்டிலேயே கல்யாணத்துக்கும் கடனுக்கும் போய்விடும். இரண்டாம் ஆண்டு, வருமானம் இல்லாத நிலத்தில் 4,800 ரூபாய் கூலி கொடுத்து நாற்றுப் பிடுங்க எந்தச் சிறு விவசாயியும் முன்வர மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கிடை போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகற்றிய நிலத்தில் எரு சேரட்டும் என்று ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள். அந்த மந்தை முந்தின வாரம் குளத்துப் புறம்போக்கில் காய் தின்றிருந்தால், எருவோடு விதையையும் காசு கொடுத்து வாங்கியதாக ஆகும். காய்க்காலத்தில் கிடை கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். காயைப் பொறுக்கி நன்றாக அரைத்துத் தீவனத்தில் சேர்த்தால் விதை செத்துப்போகும். முழுக் காயாகப் போடுவதுதான் ஆபத்து.

களையெடுத்த இடத்தை வெறுமையாக விடவும் கூடாது. புல் முந்திக்கொண்டால் நாற்று குறையும். ஏக்கருக்கு மூன்று கிலோ கொழுக்கட்டைப் புல் விதையை மணலோடு கலந்து (பஞ்சு போல இருப்பதால் தனியாக வீசினால் காற்றில் போய்விடும்) முதல் மழைக்குத் தூவினால் போதும். அறுத்த உடனே விதைத்தால் முளைப்பு கம்மி. ஆறேழு மாதம் வைத்திருந்த விதைதான் நன்றாக வரும். திட்டத்துக்கு விதை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் மூட்டையோடு நட்டம்.

மரக்கன்று விஷயத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர், ஏக்கருக்கு 160 கன்று என்ற அச்சு எங்களுக்குப் பொருந்தாது. ஏற்கெனவே நாட்டு மரம் நிற்கும் காட்டில் இடைவெளியில் மட்டும் வைக்க வேண்டும், ஏக்கருக்கு 60 போதும். தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள்: கன்றுக்கு வாரம் 10 லிட்டர், தை முதல் வைகாசி முடிய 20 வாரம். 160 கன்றுக்கு 32,000 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டேங்கரில் ஏழு நடை. 60 கன்றுக்கு 12,000 லிட்டர், இரண்டரை நடை. கிணறு இல்லாத நிலத்தில் கன்று பிழைப்பதும் சாவதும் இந்த வித்தியாசத்தில்தான். உடை, வெள்வேல், நாட்டுக் கருவேல் மூன்றையும் கன்றாக வைப்பதைவிட விதையாகப் போடுவது மேல். கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, விதையை அதில் கொட்டி, ஆறவிட்டு இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் உப்பி நிற்பதை மட்டும் குழிக்கு மூன்றாக ஊன்றினால் ஆணிவேர் தடைபடாமல் நேரே இறங்கும். நீர் ஊற்ற வேண்டிய தேவை வெகுவாகக் குறையும். வேம்பு, புங்கு, நாவல், இலுப்பை, வாகைக்குக் கன்று வேண்டும். வன்னியும் வைக்கலாம், சீமைக் கருவேலத்துக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் நம்மூர்ப் பிள்ளை. இந்த நாட்டு இனங்கள் வேண்டும் என்று வனத்துறை நாற்றங்காலுக்கு ஒரு ஆண்டு முன்பே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும்.

களக்காடு, மணிமுத்தாறு, பாபநாசம், கடையம் என்று மலையடிவாரத்தில் பட்டா உள்ளவர்களுக்குச் சீமைக் கருவேலத்தைவிட உண்ணிச்செடிதான் (லண்டானா) தலைவலி. அதற்கு இயந்திரம் வேண்டாம். தரைக்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் ஆணிவேரைச் சிறு கொத்தால் அறுத்து, செடியை முழுதாகத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். வேர் மண்ணைத் தொட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அரிவாளால் அரக்கினால் தூர் பல மடங்கு தழையும். தீ வைத்தாலும் அதே கதை. பழம் கறுக்குமுன் முடிக்க வேண்டும், கொண்டைக்குருவி தின்று எங்கெல்லாம் உட்காருகிறதோ அங்கெல்லாம் விதை விழும். அடுத்த ஆண்டு நாற்றைத் தேட வேண்டிய இடமும் அதுவே: பெரிய மரத்தடி, வேலிக்கால், மின்கம்பிக்குக் கீழே. உலர்ந்த குவியல் மாசி, பங்குனி வரை கிடந்தால் காட்டுத்தீக்குத் தூபம். மார்கழிக்குள் அப்புறப்படுத்த வேண்டும்.

பணம் கொடுக்கும் முறைக்கு வருவோம். பின்னேற்பு மானியம் இந்த வேலைக்கு உதவாது. முழுவதையும் கைக்காசு போட்டு முடித்து, பட்டியல் வைத்து, பிறகு காத்திருக்க எங்களில் பெரும்பாலோரால் முடியாது; முடிந்தவர்களுக்கு இந்த உதவி தேவைப்படாது. எங்கள் யோசனை இது. சுண்ணாம்பு அடையாளம் போட்டு, வரைபடத்தில் குறித்து, அலுவலர் பார்த்த உடன் 40 சதவீதம் முன்பணம். தூர் எடுத்து முடித்ததும் 20. இரண்டாம் ஆண்டுத் தையில் 20, மூன்றாம் ஆண்டுத் தையில் 20. தூர் எடுத்ததற்குச் சான்றாகக் குழியைத் திறந்து வைத்துக் காட்டச் சொல்ல வேண்டாம், மாடு விழும். எடுத்த தூரை ஓரமாகக் குவித்து வைக்கிறோம், வந்து எண்ணுங்கள். குவியலில் எத்தனை தூரோ அத்தனை மரம் செத்தது. எண்ணிய பிறகு அதையும் கரிக்கு விற்றுக்கொள்கிறோம்.

தை மாத ஆய்வுக்கு ஏக்கருக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர் அளவில் ஐந்து கட்டம், மூலைக்கு மூலை வர்ணம் பூசிய கல். கட்டத்துக்குள் தூரிலிருந்து கிளம்பிய குருத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. முழங்காலுக்கு மேல் வளர்ந்த நாற்று ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. அடையாளமிட்ட நாட்டு மரம் அத்தனையும் நிற்க வேண்டும். இவ்வளவு பார்த்தால் போதும். ஒரு ஏக்கரை அரை மணியில் பார்த்துவிடலாம். வெட்டிய அன்று எடுத்த படத்தைச் செயலியில் ஏற்றிப் பணம் விடுவிப்பதில் இருக்கும் ஏமாற்று இதில் இல்லை. கரிக்காரரோடு நாங்கள் போடும் ஒப்பந்தத்துக்கும் அரசே ஒரு மாதிரிப் படிவம் தரலாம்: விலையில் கால்பங்கை நிறுத்தி வைத்து, தூர் எடுத்த பின்தான் தீர்ப்பது என்று.

காகிதத்தில் வரும் முட்டுக்கட்டை இரண்டு. எங்கள் நிலங்களில் பாதிக்குக் கூட்டுப் பட்டா. ஒரு பங்காளி ஊரில், ஒருவர் சென்னையில், ஒருவர் மும்பையில், ஒருவர் உயிரோடு இல்லை. எல்லோர் கையெழுத்தும் வேண்டும் என்றால் விண்ணப்பமே வராது. அனுபவத்தில் இருப்பவர் உறுதிமொழி கொடுக்கட்டும். கிராம நிர்வாக அலுவலர் 15 நாள் அறிவிப்பு ஒட்டட்டும். ஆட்சேபம் இல்லையென்றால் அவர் பெயரில் பணம் போகட்டும். மரத்தின் மேலும் மண்ணின் மேலும் இதனால் யாருக்கும் புது உரிமை வராது என்று எழுதிவிட்டால் பங்காளியும் சும்மா இருப்பார்.

இரண்டாவது, பயம். 'காடு என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு விற்க முடியாது, வெட்ட முடியாது, வனத்துறை வந்து உட்கார்ந்துவிடும்' என்பது டீக்கடைப் பேச்சு மட்டும் அல்ல; 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பயத்தினாலேயே நிலத்தை வழித்துப் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. திட்டத்தில் சேருவதால் நிலத்தின் வகைப்பாடு மாறாது, இதைக் காரணம் காட்டி அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை வராது என்று அரசாணையில் வெளிப்படையாக ஒரு பத்தி வேண்டும். வாய்வார்த்தை போதாது.

வெளிநாட்டில் இது புதிது இல்லை. அமெரிக்காவில் 1996 வேளாண் சட்டத்தின் வழியே வந்த சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம், தனியார் காட்டுக்காரர் களைப்புதரை அகற்றவும் வாழிடத்தைச் சீர்செய்யவும் மதிப்பிட்ட செலவில் 75 சதவீதம் வரை தருகிறது. வசதி குறைந்தவர், புதிதாக விவசாயத்துக்கு வந்தவர் போன்றோருக்கு 90 சதவீதம் வரை. அவர்கள் கேட்டால் பாதியாவது முன்பணம். எந்த வேலைக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்ற விலைப்பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் முதலில் காட்டு மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் ஆக வேண்டும், பிறகு ஹெக்டேர் கணக்கில் ஆண்டுதோறும் பணம்; அங்கே பெருந்தொல்லையான ரோடோடென்ட்ரான் புதருக்குத் தனித் தொகை. அவர்களுடைய நாற்பது பக்கப் படிவம் நமக்கு வேண்டாம். முன்பணமும், பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டிய விலைப்பட்டியலும், பல ஆண்டு ஒப்பந்தமும் போதும்.

அரசு தன் பங்குக்குச் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. காய் தண்ணீரில் மிதந்து வரும். மேலே இருக்கும் குளத்துக்குள் சீமைக் கருவேலம் அடைந்து கிடக்க, உபரிநீர் வெளியேறும் மறுகால் ஓடைக்குக் கீழே உள்ள பட்டாவில் நாங்கள் நாற்றுப் பிடுங்கினால், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புது விதை வந்து சேரும். குளத்து மரத்தை ஏலம் விடும்போதும் தரைக்கு மேலே வெட்டிக்கொண்டு போவதுதான் நடக்கிறது; ஏல நிபந்தனையில் தூரைச் சேர்க்க வேண்டும். விண்ணப்பங்களைப் புல எண் வரிசையில் எடுக்காமல் ஓடை வாரியாக எடுங்கள்: தலைக்குளத்தில் தொடங்கி, மறுகால் வழியே கீழே வர வேண்டும்.

சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, அதனடியில் கட்டிய மாடு சினைப்பிடிக்காது என்று வாட்ஸப்பில் சுற்றும் கதைகளை நாங்கள் நம்பிக் கேட்கவில்லை. அந்த மரம் ஏழை வீட்டு அடுப்பை எரித்திருக்கிறது, இன்றும் எரிக்கிறது. விறகுக்கென்று இரண்டு ஏக்கரில் அதை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் வைத்துக்கொள்ளட்டும். காய்க்குமுன் வெட்டிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் போதும். எங்கள் கோரிக்கை, உடையும் இலந்தையும் நிற்கும் காட்டுக்குள் அது வர வேண்டாம் என்பதே.

கடைசியாக, நாள் கணக்கு. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது என்பதற்காக மாசியில் பணத்தை விடுவித்து, பங்குனிக்குள் செலவுக் கணக்கு கேட்டால், காய்ந்த மண்ணில் கன்று வைத்ததாகக் காகிதத்தில் எழுதத்தான் முடியும். சித்திரையில் விண்ணப்பம், ஆனிக்குள் அடையாளம், ஆடிப்பெருக்குக்குள் முன்பணம், ஆவணியில் இயந்திரம். இராதாபுரம் பக்கம் மட்டும் புரட்டாசி. அதற்குப் பிந்தி வரும் பணத்தை அடுத்த ஆண்டுக்கே வைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் மானூர்க் கரிசலுக்குள் இறங்கிய ஜேசிபியை வெளியே இழுக்க இன்னொரு ஜேசிபி வேண்டும், அதற்கும் மணிக்கணக்கில்தான் வாடகை.

இப்படிக்கு,
திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் முள்காட்டுப் பட்டா வைத்திருப்போர்